நான் திறந்த பாட்டில்

எண்பதுகளில் ஆரணியில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியையாக இருந்தேன். குளத்துச் சேற்றில் கிடைத்த பாக்டீரியாவைப் பட்டுநூல் வேகவைத்த கழிவுநீரில், மூடிய பாட்டிலுக்குள் வளர்த்து, புகையில்லாமல் எரியும் ஹைட்ரஜனைத் தயாரிக்க முயன்றேன். சாயப்பட்டறையிலிருந்து அந்தத் தண்ணீரைத் தினமும் சுமந்து வந்தவர், ஆய்வகத்தைக் கூட்டித் துடைக்கும் முனியம்மா.

ஹைட்ரஜனை உண்டாக்கும் நொதிக்குக் காற்று ஆகாது. பாட்டிலைத் திறக்கவே கூடாது என்று அவரிடம் பலமுறை சொல்லியிருந்தேன்.

வேலூரிலிருந்து ஒரு பேராசிரியர் பார்க்க வருவதாக இருந்தது. முந்தின நாள் ஆசை தாங்காமல் நானே மூடியைத் திறந்து தீக்குச்சியைக் காட்டினேன். 'பட்'டென்று வெடித்ததும் சிரித்துவிட்டேன். மறுநாள் அவர் முன்னால் ஒரு குமிழிகூட வரவில்லை.

"யார் திறந்தது?" என்றார் உடன் வந்திருந்த கல்லூரி முதல்வர்.

"முனியம்மா தெரியாம திறந்திருப்பாங்க சார்," என்றேன்.

கதவருகே நின்ற முனியம்மா என்னை ஒருமுறை பார்த்தார். "ஆமாங்க, நான்தான்," என்றார். அன்றே அவரைக் கழிவறை கழுவும் வேலைக்கு மாற்றினார்கள்.

மாலையில் அவரைத் தேடிப் போனேன். "ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"நேத்து ஜன்னலாண்ட தொடச்சிகினு இருந்தேன் மேடம். நீங்க தொறந்தத பாத்தேன். நான் இல்லன்னு சொன்னா நம்பிடுவாங்களா?"

முதல்வர் அப்போதும் அறையில்தான் இருந்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

புதுச் சேறு எடுத்து ஆய்வை முடித்தேன், பாராட்டும் கிடைத்தது. முனியம்மா வேலையை விட்டுப் போகும்வரை நான் வாய் திறக்கவில்லை. இப்போதுதான் முதல்முறையாகச் சொல்கிறேன், அதுவும் அவரிடம் அல்ல.