முத்தாயிக்குப் போடாத ஊசி

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது நடந்தது. மலாயாவில், அலோர் காஜா பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், 1951-ல், பட்டப்பகலில் நடந்தது. தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். மீனம்மாவை எனக்கு நேரில் தெரியும். அவள் வாயைத் திறந்தால் வேலை வாங்குகிற மண்டோரே ஒதுங்கிப் போவார். பயந்துபோய்க் கதை கட்டுகிற ஆள் அவள் இல்லை.

அவசரகாலம். காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதாம். அதற்காகக் கூலிக்காரர்களின் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி கட்டி, ஒரே ஒரு கேட்டில் காவல் போட்டார்கள். அரிசியை அளந்து அளந்து கொடுத்தார்கள். யாரோ யாரையோ சுடுவதற்குப் பால்மரம் வெட்டுகிறவன் வயிறு காய வேண்டும், என்ன நியாயமோ! அந்தப் பட்டினி நாட்களில்தான் மீனம்மாவின் தங்கை முத்தாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். போன வருஷம் இதே மாதிரி வலி வந்துதான் மூத்தவள் கருப்பாயி தோட்டத்து ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள்.

அந்த ஆஸ்பத்திரிக்கு டாக்டர் கிடையாது. மருந்து கொடுக்கிற டிரசர் தம்புசாமிதான் எல்லாம். கருப்பாயி செத்தபோது, "சம்சு குடிச்சு ஈரல் கெட்டுப்போச்சு" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். சாராய வாடையே ஆகாதவள் கருப்பாயி. செத்தவள் எழுந்து வந்து இல்லை என்று சொல்லவா போகிறாள் என்ற துணிச்சல்தான் அந்த மனுஷனுக்கு.

இப்போது முத்தாயியின் மூத்திரத்தைப் போத்தலில் பிடித்து ஜன்னலில் வைக்கச் சொன்னார். வைத்தபோது மஞ்சளாகத்தான் இருந்தது. வெயில் ஏற ஏற அது சிவந்து, பிறகு கறுஞ்சிவப்பாகிவிட்டது.

தம்புசாமி போத்தலைத் தூக்கிப் பார்த்தார். "வெத்தல எச்சிலத் துப்பி வச்சிருக்கீங்க. ஒடம்பு சாக்கிட்னு சொல்லி வேலைக்கு டிமிக்கியா?"

மீனம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "சோத்துக்கே வழியில்ல, வெத்தலைக்கு எங்க போறது? மலாக்கா ஆஸ்பத்திரிக்காவது அனுப்பி வைங்க."

"காட்டுல பட்டாளத்து ஆப்பரேசன் நடக்குது. கேட்டு தொறக்க மாட்டான்."

"அப்ப பெரியவளுக்குப் போட்டீங்களே தூக்க ஊசி, அதப் போடுங்க. அவ செத்தாலும் கடைசியில கத்தாமத் தூங்கினா. இவ மூணு நாளாக் கத்துறா, டிரசரையா."

"ஒரே ஒரு மருந்துதான் இருக்கு. வேஷம் போடுறவளுக்கு அதக் குடுக்கவா?"

"போடலன்னா ஒங்க வீட்டு வாசல்ல இவளக் கொண்டாந்து கெடத்துவேன்."

"சாப்பிட்டு வந்து போடுறேன். வாயக் கொற லா."

அவர் போய்விட்டார். மணி பன்னிரண்டு. பட்டாளம் காட்டுக்குள் இறங்கியிருந்ததால் ஊரடங்கு. லயத்தில் ஒரு வாசல்கூடத் திறந்திருக்கவில்லை. சங்கு ஊதவில்லை, பிள்ளைகள் சத்தமும் இல்லை. ஆஸ்பத்திரியில் வேறு நோயாளிகள் கிடையாது. ஆறு இரும்புக் கட்டில்கள், முத்தாயி, மீனம்மா. அவ்வளவுதான்.

முத்தாயி கத்திக் கத்தி ஓய்ந்து, நினைவு தப்பிக் கிடந்தாள். நாய் இரைப்பதுபோல மூச்சு வேகமாக வந்துகொண்டிருந்தது. மீனம்மா தலைமாட்டில் உட்கார்ந்து விசிறினாள்.

அப்போதுதான் அது காதில் விழுந்தது. இன்னொரு மூச்சு.

இழுத்தது... நின்றது... வெகுநேரம் நின்றது... பிறகு விட்டது.

மீனம்மா விசிறியை நிறுத்தினாள். அந்த மூச்சை அவளுக்குத் தெரியும். கருப்பாயி கடைசி நாளில் அப்படித்தான் மூச்சு விட்டாள். ஊசி போட்டுத் தூங்கிய பிறகு கையும் காலும் துவண்டு, மூச்சு இப்படித்தான் விட்டு விட்டு வந்தது.

முத்தாயி கண்ணைத் திறக்காமலே முனகினாள்.

"பெரியக்கா... தள்ளி உக்காரு. என் கால் மேல உக்காந்திருக்க."

மீனம்மா கால்மாட்டைப் பார்த்தாள். யாரும் இல்லை. ஆனால் மெத்தை அங்கே பள்ளமாக அமுங்கியிருந்தது.

இழுத்தது... நின்றது...

வாசலில் செருப்புச் சத்தம். தம்புசாமி. மீனம்மாவுக்கு உயிர் வந்தது. முத்தாயியின் உதட்டை நனைக்கலாம் என்று மூலையிலிருந்த குடத்துக்குப் போனாள். அவர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு கட்டில் பக்கம் குனிந்தார்.

"மீனம்மா, கைய விடு."

அவள் திரும்பினாள்.

"விடுன்னு சொல்றேன்ல."

"நான் இங்க இருக்கேன், டிரசரையா."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். மணிக்கட்டைச் சுற்றித் தோல் உள்ளே அமுங்கியிருந்தது. நாலு விரல் அகலத்துக்கு.

வேறொருத்தி என்றால் ஓடியிருப்பாள். மீனம்மாவுக்கு வந்தது பயம் இல்லை, ஆத்திரம். கூடப்பிறந்தவளையே கூட்டிக்கொண்டு போக வந்துவிட்டாளே! மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்தாள். பேயை விரட்ட அதைத்தானே எடுப்போம்.

"நீ போனது பத்தாதா? இவளும் வேணுமா ஒனக்கு? போடி... போ."

கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில், வெறும் காற்றில், ஓங்கி அடித்தாள்.

அடி காற்றில் விழவில்லை.

எதன் மேலோ விழுந்தது.

மறுபடி அடித்தாள். மறுபடி... மறுபடி...

ஊசி கீழே விழுந்து நொறுங்கியது. மருந்து சிமெண்டுத் தரையில் ஓடியது. அதற்கப்புறந்தான் தம்புசாமியின் கை விடுபட்டது. அந்த மூச்சுச் சத்தமும் நின்றுபோனது.

மீனம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இருந்த ஒரே மருந்தையும் பாவி கொட்டிவிட்டாளே என்று செத்தவளைச் சபித்தாள். தம்புசாமியோ வேட்டி தடுக்கத் தடுக்கக் கேட்டுக்கு ஓடினார். திறக்கவே மாட்டான் என்று சொன்ன அதே கேட்டு. "இவள எங்கயாவது கொண்டு போயிருங்க, இங்க வேணாம்" என்று பட்டாளத்து லோரியை மறித்து அழுதார். பட்டாளத்துக்காரனுக்கு என்ன புரிந்ததோ, ஏற்றிக்கொண்டான். முன்னாலேயே இந்த ஓட்டத்தை ஓடியிருந்தால் என்ன?

மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் காளிதாஸ் என்று ஒரு டாக்டர். அவரும் மூத்திரத்தைப் போத்தலில் பிடித்து வெயிலில் வைத்தார். சிவந்தது. அவர் வெற்றிலையைப் பற்றிக் கேட்கவில்லை. முத்தாயிக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றச் சொல்லிவிட்டு மீனம்மாவைத் தனியே கூப்பிட்டார்.

"ரத்தத்துல இருக்கிற செவப்புச் சத்து இருக்கே, அத ஈரலும் கொஞ்சம் தயாரிக்கும். நல்ல ஈரல்ல அது படிப்படியா முழுசா ஆயிரும். இவ ஈரல்ல நடுவுல ஒரு படி மக்கர் பண்ணுது. பாதியில நின்ன சரக்கு மூத்திரத்துல வருது. வெயில் பட்டா செவக்குது. வயித்து வலி, பெனாத்தல், எல்லாம் அதோட சேர்ந்த கோளாறுதான். பொறவியிலயே வர்றது. குடும்பத்துல வேற யாருக்காவது இருந்துச்சா?"

"எங்க பெரியக்காவுக்கு. சம்சு குடிச்சு ஈரல் கெட்டுச்சுன்னாங்க. அவ குடிச்சதே இல்ல."

"அவங்களுக்குத் தூக்க மருந்து ஏதாவது குடுத்தாங்களா?"

"ஊசி போட்டாங்க."

டாக்டர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"இந்த ஈரலுக்கு அது வெஷம்மா. மக்கர் பண்ற ஈரல இன்னும் வெரட்டும். கை கால் விழுந்துரும். அப்புறம் மூச்சு நிக்கும். இவளுக்குப் போடாம விட்டாங்களே, அதான் பொழச்சா. யாரு வேணாம்னு தடுத்தது?"

மீனம்மா திரும்பி முத்தாயியின் கட்டிலுக்கே போய்விட்டாள்.

முத்தாயி தேறிவர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. மீனம்மா அவளிடம் எதையும் சொல்லவில்லை. ஊசியைப் பற்றி இல்லை, விளக்குமாற்றைப் பற்றி இல்லவே இல்லை. அன்றைக்கு அவளுக்குச் சுத்தமாக நினைவே இருந்திருக்காது என்று டாக்டரும் அடித்துச் சொன்னார்.

ஒருநாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது முத்தாயி கரண்டியைத் தள்ளிவிட்டு மீனம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"பெரியக்காவ ஏங்க்கா அப்படி அடிச்ச?"

மீனம்மா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"தலையிலயும் முதுகுலயும் அடி விழுந்துச்சு. அழுதுகிட்டே வாங்கிக்கிட்டா. ஊசி விழுற வரைக்கும் அந்தாளு கைய மட்டும் விடவே இல்ல."