ஒரு வேளையா, இரண்டு வேளையா

எனக்கு ஹெர்பிஸ் உண்டு. வெளியே காட்ட முடியாத இடத்தில் அடிக்கடி கொப்புளம் கிளம்பும். அதை அடக்கி வைக்கத் தினமும் காலை ஒன்று, இரவு ஒன்று என்று மாத்திரை போட்டுவந்தேன். போன வருடம் டாக்டர் அந்த மாத்திரையை மாற்றினார். புதியதற்கும் சீட்டில் 1-0-1 என்றுதான் எழுதியிருந்தார். மயிலாப்பூர் வீட்டில் என் மனைவி, மாத்திரைப் பெட்டிக்குள் மடித்திருந்த தாளைப் பிரித்துப் படித்தாள்.

"திரும்ப வராம இருக்கத் தினம் ஒண்ணுன்னுதான் போட்டிருக்கு. போய்க் கேட்டுட்டு வாங்க" என்றாள்.

கிளினிக் தி.நகரில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில். டோக்கன் கொடுக்கும் அம்மாள் என்னை உள்ளே விடவில்லை.

"இன்னா டவுட்டு? சொல்லு சார், நானே கேட்டுக்கினு வரேன்."

"மாத்திரை ஒரு வேளையா, ரெண்டு வேளையான்னு."

"இன்னா மாத்திரை?"

காத்திருந்தவர்கள் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள். நான் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். முழங்காலில் கட்டுப் போட்டிருந்த ஒருவர் இரக்கப்பட்டு, "சுகரா சார்?" என்றார்.

அந்த நிமிடம் அது மிகவும் கௌரவமான வியாதியாகத் தோன்றியது. தலையாட்டிவிட்டேன்.

"சுகர்னா ரெண்டு வேளைதான். என் மச்சான் ஒரு வேளை போட்டுக்கினு இருந்தான், கால் விரலை எடுத்துட்டாங்க" என்றார் கட்டுப் போட்டவர்.

பக்கத்திலிருந்த மாமி ஒப்புக்கொள்ளவில்லை. "எங்காத்துல அவர் ஒரு வேளைதான் போட்டுண்டிருக்கார். நன்னாத்தான் இருக்கார். உங்களுக்குக் கால் மரத்துப் போறதோ? செருப்பைக் கழட்டுங்கோ, பார்க்கலாம்."

ஒரு செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினேன். நான்கு பேர் குனிந்து பார்த்தார்கள். கால் நன்றாக இருப்பதாக மாமி சொன்னார். இப்போது நன்றாகத்தான் இருக்கும் என்றார் கட்டுப் போட்டவர். கூடம் இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. சத்தம் தாங்காமல் டாக்டரே கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார்.

சீட்டை நீட்டி, இரண்டு வேளைதானா என்று கேட்டேன்.

"ரெண்டு வேளைன்னு யார் சொன்னது?"

"நீங்கதான் டாக்டர்."

கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார். "இது என் கையெழுத்துதான். ஆனா நான் இப்படி எழுத மாட்டேனே."

 என் ஃபைலிலிருந்து பழைய சீட்டை எடுத்து ஒப்பிட்டார்.

"மாத்திரையை மாத்தினேன். வேளையை மாத்தலை. பழசு ரெண்டு வேளை. இது ஒண்ணு போதும். இதுவரைக்கும் எத்தனை போட்டீங்க?"

"தினம் ஒண்ணுதான். மனைவி ரெண்டாவதைக் கொடுக்கலை."

"அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்று கடைசி 1-ஐ அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தபோது எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒன்று போதுமாம் என்றேன். மாமி கட்டுப் போட்டவரை ஒரு பார்வை பார்த்தார். அவரோ என் கால் விரலை நினைத்து உண்மையிலேயே வருத்தப்பட்டார். படியிறங்கும்போதுதான் ஒரு செருப்பை உள்ளேயே விட்டுவிட்டது தெரிந்தது. திரும்பப் போய் எடுக்கத் தைரியம் வரவில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.