அஞ்சு சாக்ஸபோன் அந்தோணிசாமி

கடலூர் முதுநகரில் அந்தோணிசாமி என்று ஒருவர் இருந்தார். கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. காலை ஒன்பதுக்கு ஆபீஸ், சாயங்காலம் ஐந்தரைக்கு வீடு, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில். இப்படி ஒழுங்காக இருந்த மனுஷனுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். குடியா, சீட்டா என்று கேட்காதீர்கள். அதற்கெல்லாம் கூட்டாளி கிடைப்பான். இவருடையது பழைய சாக்ஸபோன் வாங்குவது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் சிதம்பரம் சபாபதி. பேண்டு செட் வைத்துக் கல்யாணம், காதுகுத்து, எலெக்‌ஷன் ஊர்வலம் என்று எல்லாவற்றுக்கும் அடித்தவன். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் தோற்றவன் வீட்டு வாசலிலும் அடிப்பேன். இருபது வருஷம் பேண்டு நடத்தியதில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். கல்யாணத்துக்கு வருகிறவனுக்குக் கண் உண்டு, காது கிடையாது.

அந்தோணிசாமியிடம் ஐந்து சாக்ஸபோன்கள் இருந்தன. பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியை விட்டுப் போன பிறகு, அங்கே பேண்டில் ஊதிய கிழவர்கள் வீட்டுப் பரணில் கிடந்ததையெல்லாம் தேடித் தேடி வாங்கினார். ஒரு வீட்டில் அதற்குள் குடை செருகி வைத்திருந்தார்களாம். இன்னொன்று காடாம்புலியூர் முந்திரித் தோப்பில் கிடைத்தது. தோப்புக்காரன் அதை நரி விரட்ட ஊதிக்கொண்டிருந்தான். நரி போனதோ இல்லையோ, அவன் பெண்டாட்டி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைத் திரும்பக் கூட்டி வருவதற்காகவே அதைச் சும்மா கொடுத்து அனுப்பினான் என்று கேள்வி.

வாங்கியதோடு விட்டாரா? துளை மூடிகளுக்கு அடியில் ஒட்டும் தோல் வட்டங்களைச் செருப்புத் தைப்பவரிடம் ஆட்டுத்தோலில் வெட்டி வாங்குவார். ஸ்பிரிங் ஒடிந்தால் பழைய குடையிலிருந்து கம்பி. ரீடு என்று ஒன்று உண்டு. ஊதும்போது துடித்துச் சத்தம் தருகிற சின்ன நாணல் பட்டை. அது சீமையிலிருந்து வருவது நின்றுபோனதால் பிளேடால் தானே சீவிச் சீவி, விரல் நுனியெல்லாம் தழும்பு. ஆபீசில் பேனா பிடிக்கும்போது கஷ்டப்படுவார் என்று அங்கே வேலை செய்தவர்கள் சொல்வார்கள்.

இத்தனையும் செய்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து ஊதினால், அவருடைய மனைவி ராஜாமணி எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு பாட்டுக்கூட உட்கார்ந்து கேட்டதில்லை.

"வூட்ல ஊதுனா அது இம்ச. நாலு பேரு முன்னாடி கல்யாணத்துல ஊதுனாத்தான் அது வாத்தியம்" என்பாளாம். பொல்லாத வாய்தான். ஆனால் அவள் சொன்னதில் என் பிழைப்பே அடங்கியிருப்பதால் நான் தப்புச் சொல்ல முடியாது.

அறுபத்தாறாம் வருஷம். ஊரே ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கும்போது, சிதம்பரத்தில் ரைஸ் மில் சுப்புராயன் தன் மகளுக்குக் கல்யாணம் வைத்தார். அதற்கு முந்தின மாசம் அவருடைய பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் முன்வரிசையில் நாலு சாக்ஸபோன் வந்திருந்தது. சுப்புராயனுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"யோவ் சபாபதி, நம்ம ஊர்வலத்துல அஞ்சு வரணும். அஞ்சும் முன்னால வரணும். ஒண்ணு கொறஞ்சாலும் வேற செட்டப் பாத்துக்கறேன்."

"ஆகட்டுங்க. என்ன பாட்டு வாசிக்கணும்?"

"பாட்டா? பளபளன்னு இருக்கணும்யா, அவ்ளோதான்."

என்னிடம் கிளாரினெட் உண்டு, டிரம்பெட் உண்டு, டிரம் உண்டு. சாக்ஸபோன் மட்டும் பேருக்குக்கூடக் கிடையாது. "ஜமாய்ச்சிடலாங்க" என்று சொல்லிவிட்டு மறுநாளே கடலூருக்கு ரயில் ஏறினேன்.

அந்தோணிசாமி விஷயத்தைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"வாடகையெல்லாம் ஒண்ணும் வேணாங்க. அஞ்சையும் எடுத்துக்குங்க. கல்யாண வூட்டு வாசல்ல மட்டும் நான் ஒரு பாட்டு தனியா ஊதணும். கூட எந்த வாத்தியமும் வரக்கூடாது. ராஜாமணியக் கூட்டிட்டு வர்றேன். அவ கேக்கணும்."

"இவ்ளோதானா? தாராளமா ஊதுங்க."

"சத்தியமா?"

"அட, சத்தியமாத்தாங்க."

அப்போதே ஒரு சாக்ஸபோனை எடுத்து நாலு வரி ஊதிக் காட்டினார். ராஜாமணி மாவாட்டும்போது முணுமுணுக்கிற தாலாட்டாம். மரியாதைக்குக் கேட்போம் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். கையில் இருந்த டீ ஆறிப்போனதே தெரியவில்லை. அடப்பாவி, இந்த மனுஷன் நிஜமாகவே ஊதுகிறார்! இருபது வருஷமாக என் செட்டில் இப்படி ஒருத்தன் இருந்ததில்லை. எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

சாக்ஸபோன் கிடைத்துவிட்டது. மீதி நாலைப் பிடிக்க ஆள் வேண்டுமே? எங்கள் தொழிலில் இதற்கு வழி உண்டு. சட்டைக்குச் சரிகை, தலைக்குத் தொப்பி, கையில் வாத்தியம், அவ்வளவுதான் பேண்டுக்காரன். என் மச்சான் சின்னையனைப் பிடித்தேன். மற்ற மூன்று பேரும் சுப்புராயனுடைய மில்லிலேயே மூட்டை தூக்குகிறவர்கள். அதில் சாமிக்கண்ணு நல்ல உயரம் என்பதால் பெரிய சாக்ஸபோன் அவனுக்கு. நாலிலும் ரீடைக் கழற்றிவிட்டேன். எவனாவது உற்சாகத்தில் ஊதித் தொலைத்தால் மானம் போய்விடும்.

"கன்னத்த உப்ப வை. வெரல ஆட்டு. ஊதாத" என்று சொல்லிக் கொடுத்தேன். பயிற்சி முடிந்தது.

"மொதலாளி எங்கள அடையாளம் கண்டுக்குவாரே?" என்று சாமிக்கண்ணு பயந்தான்.

"ஆறு வருஷமா ஒன் மூஞ்சியப் பாத்திருக்காரா?"

யோசித்துப் பார்த்துவிட்டு, "இல்லீங்க" என்றான்.

மாப்பிள்ளை அழைப்பு வெளிச்சம் இருக்கும்போதே புறப்பட்டது. ஐந்து சாக்ஸபோனும் முன்னால் போக, கீழவீதி முழுக்க ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். பங்காளி ஓரமாக நின்று விரல் விட்டு எண்ணினார். அதைச் சுப்புராயன் பார்த்துவிட்டார். அவர் செலவழித்த காசு அங்கேயே செரித்துவிட்டது.

கல்யாண வீட்டு வாசலில் நின்றோம். கட்டியிருந்த வாழைமரத்துக்குப் பக்கத்தில் ராஜாமணி, நீலப் புடவையில், பஸ்ஸில் வந்த களைப்போடு நின்றுகொண்டிருந்தாள். நான் கையைக் காட்டினேன். எல்லா வாத்தியமும் நின்றது. அந்தோணிசாமி ஓரடி முன்னால் வந்து ஊத ஆரம்பித்தார்.

முதல் வரியில் ராஜாமணி சுற்றும் முற்றும் பார்த்தாள். இரண்டாவது வரியில் பாட்டைக் கண்டுகொண்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நாலாவது வரி முடிந்தது.

"ஏய், நிறுத்து!" என்று சுப்புராயன் பாய்ந்து வந்தார். "இன்னாய்யா சபாபதி? அஞ்சு பேருக்குக் காசு வாங்கிட்டு ஒருத்தன் மட்டும் ஊதுறான்? மத்த நாலு பேரும் சாப்புட வந்தானுங்களா? பங்காளி பாத்துச் சிரிக்கிறான்யா!"

நான் என்ன சொல்வது? அந்த நாலிலும் சத்தமே வராது என்று சொல்வதா? நாலு பேரில் மூன்று பேர் உங்கள் ஆட்கள்தான் என்று சொல்வதா? வாக்குக் கொடுத்தது ஞாபகம் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். டிரம்காரனைப் பார்த்துக் கையைத் தூக்கினேன்.

டிரம்மும் ஜால்ராவும் டிரம்பெட்டும் ஒன்றாக இடி மாதிரி கிளம்பின. நாலு பேரும் கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு ஆடினார்கள். கூட்டம் விசில் அடித்தது. சுப்புராயன் முகம் மலர்ந்துவிட்டது.

அந்தோணிசாமி மட்டும் வாயை எடுக்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, ராஜாமணியைப் பார்த்தபடியே ஊதிக்கொண்டிருந்தார். விரல்கள் ஓடின. பக்கத்தில் நின்ற எனக்கே அவர் ஊதியது துளிகூடக் காதில் விழவில்லை. கடைசி வரி வரைக்கும் ஊதி முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார். பாவி நான், அப்போதும் டிரம்மை நிறுத்தச் சொல்லவில்லை.

சுப்புராயன் ஒரு பொன்னாடையைக் கொண்டுவந்து சாமிக்கண்ணுவுக்குப் போர்த்தினார். "ஊதுனா இப்புடி ஊதணும்யா! எந்த ஊரு நீ?" என்று கேட்டார். மில்லுக்குப் பின்னால் குடியிருக்கிற சாமிக்கண்ணு, "புதுச்சேரிங்க" என்றான்.

எல்லாரும் பந்திக்குப் போன பிறகு அந்தோணிசாமி ஐந்தையும் துடைத்துப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டிருந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனைவியைத்தான் கேட்டார்.

"கேட்டுச்சா ராஜாமணி?"

"கேட்டுச்சே. முழுசாக் கேட்டேன். நல்லா இருந்துச்சு."

"கடைசியில ஒரு எடத்துல மேல போனேனே, அது?"

"அதுதான் ரொம்ப நல்லா இருந்துச்சு."

மனுஷன் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி பேசிவிட்டு வருகிறேன் என்று சின்னப் பையன் மாதிரி ஓடினார். அவர் தெருமுனை தாண்டும்வரை பார்த்திருந்துவிட்டு ராஜாமணி என்னிடம் வந்தாள். ஏதாவது சமாதானம் சொல்லலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் அவளே பேசினாள்.

"ஞாயித்துக்கெழம கோயில்ல பாவசங்கீர்த்தனம் பண்ணும்போது இந்தப் பொய்ய நான் சாமியார்கிட்ட சொல்ல மாட்டேண்ணே. இது ஒங்க பாவம்."