எர்த் துளைக்கு வாங்கிய நெயில் பாலிஷ்

பெரிய மாமாவின் பட்டறைக்கு டஜன் கணக்கில் நெயில் பாலிஷ் வாங்குவோம் என்று சொன்னால் என் வகுப்பில் ஒருத்தியும் நம்பமாட்டாள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த ஃபேன்ஸி ஸ்டோர்க்காரர், மாமாவுக்கு எத்தனை பெண்பிள்ளைகள் என்று ஒருநாள் கேட்டே விட்டார். மாமாவுக்கு இரண்டும் பையன்கள்.

விஷயம் இதுதான். மிஷின்களின் முகப்பில் மாட்டும் அலுமினியப் பலகைகளை மாமா பட்டறையில் அமிலத் தொட்டியில் முக்கி, கரண்ட் கொடுத்து, கறுப்புச் சாயம் ஏற்றுவார்கள். பலகைமேல் வழவழவென்று ஒரு தோல் படியும். அந்தத் தோல் கரண்டை விடாது. அதனால் எர்த் ஒயருக்கான ஸ்க்ரூ துளையைச் சுற்றி மட்டும் முன்கூட்டியே நெயில் பாலிஷ் பூசி மறைத்துவிட வேண்டும். பிறகு தின்னரால் துடைத்தால் அந்த இடம் வெள்ளையாக இருக்கும். பூசாமல் விட்டால், ஸ்க்ரூ எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் எர்த் கிடைக்காது. மிஷினைத் தொடுகிறவனுக்கு ஷாக்தான்.

அம்மாவுக்குத் தொட்டியடியில் வேலை. அந்தப் புகை நெஞ்சில் ஏறி, வீட்டுக்கு வந்த பிறகும் இருமல் நிற்காது. "இந்த லாட்டு மட்டும் கொறையில்லாமப் போகட்டும்த்தா, உன்னைய செக்கிங் மேசைக்கு மாத்திர்றேன்" என்று மாமா வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாரம் முழுக்க அம்மா சிரித்த முகமாகவே இருந்தாள். துளைக்குப் பூசுவது, துடைப்பது, ஸ்க்ரூ முடுக்குவது எல்லாவற்றையும் ஐந்தாம் வகுப்பு படித்த என்னிடம் நம்பி விட்டாள்.

"பாத்துப் பூசு தாயி, ஒண்ணையும் விட்றாத."

எனக்கோ பள்ளி ஆண்டு விழாவில் நடனம். கடைசி பாட்டிலில் கொஞ்சம்தான் மிச்சம், என் பத்து விரலுக்கும் சரியாக இருக்கும். நாற்பது பலகையில் நாலுதானே, போனால் போகிறது என்று விட்டுவிட்டு, நகத்தில் சிவப்பாகப் பூசிக்கொண்டேன். தொட்டியிலிருந்து வந்ததும் அந்த நாலு கறுப்புத் துளைக்கும் வாஷரைப் போட்டு ஸ்க்ரூவை முடுக்கினேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை. என்ன கொழுப்பு பாருங்கள்!

சரக்கு எடுக்க வந்த என்ஜினியர் மீட்டரை எடுத்து ஒவ்வொரு ஸ்க்ரூவாகத் தொட்டார். 'பீப், பீப்' என்று கத்திக்கொண்டே வந்தது, திடீரென்று ஊமையாகிவிட்டது. நாலு பலகைக்கு அப்படி. மாமா ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே கன்னங்கரேலென்று இருந்தது.

"என்னத்தா இது? உன்னைய நம்பித்தானே விட்டேன்!"

அம்மா என் பக்கம் திரும்பினாள். சிவந்த விரல்களை அவசரமாகப் பாவாடைக்குப் பின்னால் மறைத்தேன்.

"எங் கை தவறிப்போச்சுண்ணே. நாந்தேன் விட்டுட்டேன்" என்றாள் அம்மா.

அப்பாடா, அம்மா பார்க்கவில்லை என்று எனக்கு உயிர் வந்தது. ஆண்டு விழாவில் நன்றாகவே ஆடினேன். அம்மா கூட்டத்தில் உட்கார்ந்து இருமிக்கொண்டே கைதட்டினாள்.

செக்கிங் மேசைக்கு வேறொரு அக்கா வந்தாள். அம்மா பழையபடி தொட்டியடிக்கே போனாள்.

"ஏம்மா, நீ அங்க போகலையா?" என்று கேட்டேன்.

"நாள் பூரா ஒரே எடத்துல உக்காந்து கெடக்க யாரால ஆகும்? எனக்கு இதுதேன் தோது" என்றாள்.

நான் அதை அப்படியே நம்பினேன். உட்கார்ந்து பார்க்கிற வேலையே எங்கள் அம்மாவுக்குப் பிடிக்காது என்று வகுப்பில் பெருமையடித்துக்கொண்டுகூடத் திரிந்தேன்.