நான் கழற்றச் சொன்ன மூக்குத்தி

போன வருடம் கோடை தொடங்கிய சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில், எங்கள் சபையைச் சேர்ந்த ஒருவரின் தோட்டத்தில், போர்வெல் தண்ணீர் விழும் சிமெண்ட் தொட்டியைச் சுற்றி முப்பது பேர் நின்று பாடிக்கொண்டிருந்தோம். அன்று நான்கு பேருக்கு ஞானஸ்நானம் கொடுப்பதாக இருந்தது. மூன்று பேர் வெள்ளை உடையில் தயாராக நின்றார்கள். நான்காவது ஆளைக் காணவில்லை. அவர் வராததற்கு நான்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டங்களில் கூலி வேலை செய்து என்னை வளர்த்தார்கள். நான் பீளமேட்டில் கம்ப்யூட்டர் படித்தேன். அங்கேயே ஒரு ஐ.டி. அலுவலகத்தில் வேலைக்கும் சேர்ந்தேன். இதை யாரிடம் சொன்னாலும் தலை நிமிர்ந்துதான் சொல்வேன். இப்போதும் அப்படித்தான்.

எங்கள் சபை சிறியது. தறிக்கூடங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு ஹால், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு ஸ்பீக்கர். வருகிறவர்களில் பாதிப் பேர் தறி ஓட்டுகிறவர்கள். படித்தவள் என்பதால் ஞானஸ்நான வகுப்பைப் பாஸ்டர் என்னிடம் ஒப்படைத்திருந்தார். தண்ணீரில் இறங்க விரும்புகிறவர்களுக்கு ஆறு வாரம் நான் பாடம் எடுப்பேன். அதில் எனக்கு மிகவும் பிடித்தது விடுதலையைப் பற்றிய பாடம். நாம் ஒழுங்காக நடந்து கடவுளிடம் மதிப்பெண் வாங்குவதில்லை, அவர் நம்மை இருக்கிறபடியே ஏற்றுக்கொண்டுவிட்டார், பழைய பாவத்துக்காக நம்மை நாமே தண்டித்துக்கொள்ளவும் வேண்டாம், மனிதருக்குப் பயந்து நடக்கவும் வேண்டாம் என்று போர்டில் எழுதி விளக்குவேன். நன்றாகவே விளக்குவேன் என்று எல்லோரும் சொல்வார்கள்.

எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுத்த பெண்கள் நகை போடுவதில்லை. அப்படி ஒரு சட்டம் கிடையாது. பாஸ்டரின் மனைவி போடுவதில்லை, அவரைப் பார்த்து மற்றவர்களும் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். நான் வகுப்பை ஏற்றுக்கொண்ட பிறகு அதை ஒரு நோட்டில் எழுதினேன். பெயர், வயது, எத்தனை வகுப்புக்கு வந்தார் என்று கட்டம் போட்டு, கடைசியில் நகை கழற்றியாயிற்றா என்று ஒரு கட்டத்தையும் சேர்த்தேன். யாரும் என்னைச் சேர்க்கச் சொல்லவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அன்று வராத அந்த அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். எங்கள் பகுதியில் ஒரு காலத்தில் பெரிய தோட்டம் வைத்திருந்த வீட்டுப் பெண். என் அம்மா கூலிக்குப் போனது அந்தத் தோட்டத்துக்குத்தான். பிற்பாடு தோட்டம் கைமாறிப் போயிற்று. அவருடைய கணவரும் ஒரு விபத்தில் இறந்துவிட்டார். அதன்பிறகு அவர் தறி வேலைக்கு வந்தார். கூட வேலை செய்த ஒருத்தி கூப்பிட்டு எங்கள் சபைக்கு வந்தவர், ஒன்றரை வருடமாக ஒரு ஞாயிறும் தவறவில்லை. சொந்தக்காரர்கள் அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்கள்.

மாதம் ஒருமுறை எங்கள் சபையில் திருவிருந்து உண்டு. ஞானஸ்நானம் எடுத்தவர்கள் மட்டுமே அந்த அப்பத்தை எடுக்கலாம். தட்டு வரிசையாகக் கைமாறி வரும். அவர் வாங்கி, எடுக்காமல் அடுத்தவரிடம் நீட்டுவார். “எனக்கும் அதுல ஒரு துண்டு வேணுமுங்க சிஸ்டர்,” என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். “எல்லாரும் சாப்புடறப்ப நான் மட்டும் பந்தி பரிமாற வந்த ஆளாட்ட இருக்குதுங்க.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கண் சிரிக்கவில்லை. அந்த ஒரு துண்டு அப்பத்துக்காகத்தான் அவர் ஞானஸ்நானம் கேட்டார்.

ஆறாவது வகுப்பு முடிந்து நான் நோட்டை எடுத்தபோது அவர் மூக்கில் மூக்குத்தி இருந்தது.

“வயசுக்கு வந்தப்பக் குத்துனதுங்க. திருகாணி உள்ளயே இறுகிப்போச்சு, கழட்ட வராதுங்க,” என்றார்.

கழற்றினால்தான் ஞானஸ்நானப் பட்டியலில் பெயர் எழுத முடியும் என்றேன்.

“ஏனுங்க சிஸ்டர், மூக்குத்தியோட எறங்குனா தண்ணி சேத்துக்காதுங்களா?” என்று கேட்டார். வகுப்பில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது.

“பெரிய ஊட்டுப் பவுசையெல்லாம் வெளிய விட்டுப்போட்டுத்தான் இங்க உள்ள வரணுமுங்க அக்கா,” என்றேன்.

அவர் முகம் மாறியது. “சரிங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நான் அவர் பெயருக்கு நேரே ஒரு பெருக்கல் குறி போட்டேன். அந்தக் குறியைப் போட்டபோது எனக்குள் ஒரு இனிப்பு இருந்தது. சபையின் ஒழுங்கைக் காப்பாற்றிய திருப்தி என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே வருகிறேன். மூன்றாவது ஆள் தண்ணீரிலிருந்து ஏறித் துவட்டிக்கொண்டிருந்தார். அப்போது வரப்பு வழியாக ஒரு வெள்ளைப் புடவை வேகமாக வருவது தெரிந்தது. அந்த அக்காதான். முந்தானையால் பாதி முகத்தை மூடியிருந்தார். பக்கத்தில் வந்தபோது முந்தானை ஈரமாக, சிவப்பாக இருப்பதைப் பார்த்தேன். அவர் நேரே என்னிடம் வந்து கையை விரித்துக் காட்டினார். ஒரு காகிதத் துண்டில் அந்த மூக்குத்தி வளைந்து நசுங்கிக் கிடந்தது.

“இப்ப ஆச்சுங்களா சிஸ்டர்?” என்றார்.

முந்தானையை எடுத்தார். இடது பக்க மூக்கு மடல் கிழிந்து தொங்கியது. உள்ளே வைத்திருந்த பஞ்சு முழுவதும் நனைந்து இரத்தம் உதட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

பாட்டு அங்கங்கே நின்றது. கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மட்டும் விஷயம் தெரியாமல் தனியாக இரண்டு அடி பாடினார். என்ன ஆயிற்று என்று அந்த அக்காவை யாரோ கேட்டார்கள். நகைக்கடை ஆசாரியிடம் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று, தறிக்கூடத்துக் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு போய்க் கண்ணாடி முன்னால் நின்று அவரே இழுத்திருக்கிறார். திருகாணி வெட்டுப்படவில்லை. ஞானஸ்நானத்துக்கு நேரமாகிறதென்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார். இதையெல்லாம் வழி தப்பியதால் தாமதமாகிவிட்டது என்பது போலச் சாதாரணமாகச் சொன்னார்.

இடுப்பளவு தண்ணீரில் நின்ற பாஸ்டர், “யாரும்மா உன்னை இதைக் கழட்டச் சொன்னது?” என்று கேட்டார்.

“யாரும் சொல்லலைங்க பாஸ்டர். நானாத்தானுங்க.”

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வகுப்பில் இருந்த மற்ற மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறக்கவே இல்லை. எங்கள் சபைக்கே வரும் என் அம்மாதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்து, துண்டை மடித்து அவர் மூக்கில் அழுத்திப் பிடித்தார். பிடித்தபடியே திரும்பி என் முகத்தைப் பார்த்தார். “நீயா கண்ணு?” என்று மெதுவாகக் கேட்டார்.

ஒருவருடைய வேனில் அவரை ஏற்றிக்கொண்டு அம்மாவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த நர்ஸ் காயத்தைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார். “யாரும்மா அடிச்சது? பயப்படாமச் சொல்லு. இழுத்துக் கிழிச்ச மாதிரி இருக்குது. போலீசுக்குச் சொல்ற கேஸ் இது.”

“யாரும் அடிக்கலைங்க. நானே புடுங்கிக்கிட்டேனுங்க.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்லுவீங்க,” என்ற நர்ஸ் எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். பெண்களை அடித்துவிட்டுக் கூடவே ஆஸ்பத்திரிக்கு வருகிற ஆட்களை அவர் எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ. அந்தப் பார்வை என்மேல் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது, அவர் தவறான ஆளைப் பார்க்கவில்லை என்று. “நான் சொல்லித்தான் கழட்டுனாங்க சிஸ்டர்,” என்றேன். நர்ஸ் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

நான்கு தையல். ஒரு ஊசி. இரண்டு மூன்று வாரம் முகத்தை நனைக்கக் கூடாது என்றார் டாக்டர். “அப்ப இன்னிக்குத் தண்ணில எறங்க முடியாதுங்களா?” என்று அந்த அக்கா கேட்டார். அன்று காலையிலிருந்து அவர் குரல் உடைந்தது அந்த ஒரு கேள்வியில்தான்.

அம்மா மருந்து வாங்கப் போனார். நானும் அவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் சொல்ல ஆரம்பித்தேன். அம்மா கல்யாணமாகி வந்த புதிதில், முதல்முதலாக ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு இவர்கள் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறார். இவருடைய அம்மா அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கச் சொல்லியிருக்கிறார். இந்தக் கதையை அம்மா எனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறார். மூக்குத்தியைக் கழற்றுங்கள் என்று நான் சொன்னபோது என் மனதில் கடவுளும் இல்லை, சபையும் இல்லை, அந்தச் செருப்புதான் இருந்தது. அதை அவரிடம் அப்படியே சொன்னேன். சொல்லும்போதுதான் எனக்கே அது தெரிந்தது.

அவர் இரத்தம் காய்ந்த முந்தானை நுனியை மடித்துக்கொண்டார். பிறகு, “தெரியுமுங்க,” என்றார். “நீங்க நோட்டை எடுத்தப்பவே தெரிஞ்சுபோச்சுங்க. அன்னிக்கு நான் வாசல்லதானுங்க நின்னுட்டிருந்தேன். பதிமூணு வயசு. உங்கம்மா செருப்பைக் கையில எடுத்துட்டுப் போறதைப் பார்த்து நானும் சிரிச்சேனுங்க.”

சொல்லிவிட்டுத் தைத்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“எங்க ஊட்டுக்காரரு போனப்ப, தாலியோட மூக்குத்தியையும் கழட்டுன்னு பத்துப் பொம்பளைங்க சுத்தி நின்னாங்க. முடியாதுன்னுபோட்டேனுங்க. ஊரே பேசுச்சு, அசையலை. உங்ககிட்ட மட்டும் முடியாதுன்னு சொல்ல வாய் வரலைங்க சிஸ்டர். அந்தச் சிரிப்பு அடைச்சுக்குச்சு.”

இரத்தத்தைப் பார்த்தபோது வந்த அதிர்ச்சியைவிட இது பெரிய அதிர்ச்சி. பத்துப் பேருக்கு அஞ்சாமல் தன் மூக்குத்தியைக் காப்பாற்றிய ஒரு பெண், விடுதலையைப் பற்றி ஆறு வாரம் என்னிடம் பாடம் கேட்டுவிட்டு, அதைத் தன் கையாலேயே பிய்த்தெறிந்திருக்கிறார். நான் பழி தீர்த்துக்கொண்டேன். அவர் தன்னைத் தானே தண்டித்துக்கொண்டார். மன்னிப்பு ஏற்கெனவே கிடைத்துவிட்டது, தண்டனை வேண்டாம் என்று போர்டில் எழுதியவள் நான். அதைத் தன் நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டவர் அவர். இரண்டு பேரில் ஒருவர்கூட அதை நம்பியிருக்கவில்லை.

மருந்தோடு வந்த அம்மா எங்களைப் பார்த்துவிட்டு, “அழுதீங்கன்னா தையல் விட்டுக்குமுங்க அம்மணி. அவ அழுகட்டும், நீங்க சும்மா இருங்க,” என்றார். அந்த அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, செருப்பு, வாசல், சிரிப்பு என்று துண்டுதுண்டாக ஏதோ சொன்னார். அம்மா ஒரு மாத்திரையைப் பிரித்தார். “அது எப்பவோ தேஞ்சுபோன செருப்புங்க. மாத்திரையைப் போடுங்க,” என்று சொல்லித் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். அம்மா அந்த நிமிடத்தில் மன்னித்தாரா, முன்பே மன்னித்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் இதுவரை கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் சபையில் சாட்சி என்றால் வியாதி குணமானது, வேலை கிடைத்தது என்றுதான் சொல்வார்கள். என்னுடையதைக் கேட்டுவிட்டு ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. பாஸ்டர் எழுந்து, “அந்தக் கட்டத்தை நானும் பார்த்தேன். பார்த்துட்டுச் சும்மா இருந்தேன்,” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். இது சிலருக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் எங்கள் சபையில் பலர் நகை போடுவதில்லை, நானும் போடுவதில்லை. அது எங்கள் விருப்பம். நோட்டில்தான் இப்போது அந்தக் கட்டம் இல்லை.

ஒரு மாதம் கழித்து அதே தொட்டியில் அவருக்கு ஞானஸ்நானம் நடந்தது. இறங்குவதற்கு முன் என் பக்கம் திரும்பி, “இந்தப் பக்கம் ஆகாதுன்னுட்டாரு டாக்டர். அந்தப் பக்கம் குத்திக்கலாமுன்னு இருக்கறேனுங்க,” என்றார். சுற்றி நின்ற எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

“அதை என்னைக் கேக்காதீங்க அக்கா,” என்றேன்.

“கேக்கலைங்க, சொன்னேன்,” என்று சொல்லிவிட்டு அவர் தண்ணீரில் இறங்கினார்.

அதற்கடுத்த திருவிருந்தில் தட்டு என் அம்மாவின் கையிலிருந்து அவர் கைக்குப் போனது. அவர் ஒரு துண்டை எடுத்துவிட்டுத்தான் அடுத்தவருக்கு நீட்டினார். என் படிப்பு எனக்கு வேலை தந்தது, யார் வாசலிலும் குனியாத முதுகைத் தந்தது. அதற்கு நான் என்றும் நன்றியோடு இருப்பேன். ஆனால், ஒருவரைப் பார்த்து “இதை விடுங்கள், அதைக் கழற்றுங்கள்” என்று சொல்ல நாக்கு எழும்பும்போதெல்லாம், சொல்வது என் விசுவாசமா அல்லது என்னை இன்னும் விடாத பழைய கோபமா என்று நின்று பார்த்துக்கொள்கிறேன்; கிறிஸ்து தரும் விடுதலை எனக்கு எவ்வளவு தேவை என்பது அப்படி நிற்கிற அந்தச் சில நொடிகளில்தான் இன்றும் எனக்குத் தெரிகிறது.