பிரேக்கம்மா கடலில் இறங்கினாள்

என் அக்காவுக்கு ஊரில் இன்னொரு பெயர் உண்டு: பிரேக்கம்மா. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். பழகுகிறவர்கள் ஓட்டும் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்குமே, அதன்மேல் கால் வைத்தே அவளுக்குப் பாதி ஆயுசு போய்விட்டது. ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் அந்தத் திட்டுக்குப் பயந்து வேறு ஸ்கூலுக்குப் போனவர்கள். நான் அவளுடைய தம்பி, டயர் கடைக்காரன். அவளிடம் பழகியவர்கள் நடைபாதைக் கல்லில் ஏற்றிக் கிழித்துக்கொண்டு வரும் டயர்களில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. இதை அவளிடம் சொல்லித் தொலைக்காதீர்கள்.

அவள் தொழிலில் ஒரு கள்ளத்தனம் உண்டு. வாய் அதுபாட்டுக்குக் கத்திக்கொண்டே இருக்கும்: "கண்ணு எங்க இருக்கு, பிடரியிலயா?" கால் மட்டும் சத்தம் போடாமல் வேலை பார்க்கும். எதிரே லாரி வந்தால் பழகுகிறவருக்குத் தெரியாமல் மெல்ல அழுத்துவாள். வண்டி அலுங்காமல் நிற்கும். தானே நிறுத்தியதாக நினைத்து அந்த ஆளுக்கு முகமெல்லாம் பல். அக்காவும் கூசாமல், "இப்பதான் கை வந்திருக்கு" என்பாள்.

"இப்படி ஏமாத்துறியேக்கா" என்று ஒருநாள் கேட்டேன்.

"பயந்தவன் வண்டி ஓட்ட மாட்டான்டா. முதல்ல பயம் போகட்டும், அப்புறம் காலை எடுத்துக்கலாம்."

"பயம் போகணும்னா எதுக்குக் கத்துற?"

"அது என் தொண்டை. உனக்கென்ன?"

அத்தான் நெஞ்சுவலியில் போனபோது பையன் சின்னக் குழந்தை. பள்ளிக்கூடம் விட்டதும் அவனைப் பின் இருக்கையில் தூக்கிப் போட்டுக்கொண்டுதான் பாடம் எடுக்கப் போவாள். அவன் வீட்டுப்பாடம் எழுதியதெல்லாம் அந்தக் குலுக்கலில்தான். இன்றைக்கும் அவன் கையெழுத்து கோழி கிண்டிய மாதிரி இருக்கும். ஆனாலும் எப்படியோ படித்து, ஒரு பேங்கில் கடன் கொடுக்கும் பிரிவில் உட்கார்ந்துவிட்டான். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஏசி ரூம்ல உட்கார்ந்த இடத்துல வேலைடா. எவனும் வந்து இடிக்க மாட்டான்" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அப்படிப்பட்டவன் ஒரு லீவில் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு காடு, கடல் என்று சுற்றிப் பார்க்கப் போனான். போனவன் போனவன்தான். கடலுக்கடியில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் வேலையைக் கற்றுக்கொண்டேன், இங்கேயே இருக்கப்போகிறேன் என்று ஒரு மெசேஜ் வந்தது. அக்கா போன் போட்டால் சிக்னல் இல்லை என்பான். அவள் என்ன செய்தாள் தெரியுமா? பேங்க் மேனேஜர் அவளிடம் கார் பழகியவர். அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். அந்த மனிதர் பழைய திட்டுகளை நினைத்தோ என்னவோ, வருகிற திங்கட்கிழமை பையன் வந்து சேர்ந்தால் நாற்காலி அவனுக்கே என்று சொல்லிவிட்டார். உடனே அவன் வழிகாட்டியாக இருக்கும் கம்பெனியின் டூரிலேயே எனக்கும் தனக்கும் பெயர் கொடுத்தாள். போவதற்கு இரண்டு டிக்கெட், வருவதற்கு மூன்று.

"அவனைக் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வரேன் பாரு" என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "சாப்பிட உட்கார்ந்தா எதிர்ல சுவருதான்டா இருக்கு. என்னால முடியல."

எனக்கு இந்த வயதில் முதுகுப்பை தேவையா? அதன் வார்கள் என் தொப்பையில் சந்திக்கவே மறுத்தன. பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டினேன். டூர் ஆரம்பிக்கும் பஸ் நிலையத்தில் பையன் கம்பெனிப் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெயிலில் கறுத்து, தோள் அகன்று, ஆள் பார்க்க நன்றாகத்தான் இருந்தான். எங்களைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி ஆனான்.

"அம்மா! நீ எங்க இங்க?"

"டூர் வந்திருக்கேன். ஏன், நாங்கல்லாம் வரக் கூடாதா? பையைப் பிடி."

முதலில் காடு. ஜீப்பில் ஏறி விலங்கு பார்க்க வேண்டும், மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்றான் பையன். அக்கா டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். "அரை கிளட்ச்ல நிக்காதீங்க தம்பி, பிளேட்டு போயிடும்" என்று தொடங்கினாள். வளைவுக்கு வளைவு அந்த ஆளின் உயிரை வாங்கினாள். ஒரு திருப்பத்தில் காட்டெருமைக் கூட்டம் சாலையை மறித்து நின்றது. ஒவ்வொன்றும் ஒரு வேன் அளவு. எல்லாரும் சிலையாகிவிட்டோம். அக்கா மட்டும், "நடுரோட்டுல நிக்குது பாரு! ஹாரன் அடிங்க!" என்று அலறினாள். எருமைகள் ஒரே ஓட்டமாகப் புதருக்குள் மறைந்தன. கேமராவில் கண்ணை வைத்திருந்த பல் டாக்டர் ஒருவர், எங்களோடு வந்தவர், அவளைப் பார்த்த பார்வையில் எனக்கே பல் கூசியது. அன்றைக்கு மிச்ச நேரமெல்லாம் ஒரு முயல்கூட எங்கள் கண்ணில் படவில்லை.

காட்டில் இருந்தவரை பையன் அவளிடம் தனியாகச் சிக்கவே இல்லை. எப்போது பார்த்தாலும் யாருக்காவது பையைச் சரிசெய்துகொண்டிருந்தான், இல்லாவிட்டால் யார் காலிலாவது அட்டை பிடுங்கிக்கொண்டிருந்தான். அங்கிருந்து கப்பலேறி, கடலில் இறங்கும் தீவுக்குப் போனோம். "கடலுக்குள்ள அவன்கூட நான் ஒருத்திதான் இறங்கணுமாம். அங்க எங்க ஓடுவான்? நிறுத்தி வெச்சுக் கேட்டுடறேன்" என்றாள் அக்கா.

"தண்ணிக்குள்ள எப்படிக்கா பேசுவ?"

அப்படியே நின்றுவிட்டாள். சத்தியமாக அதை அவள் யோசிக்கவே இல்லை.

ஆனால் பெயர் கொடுத்தாயிற்று, பின்வாங்குகிற ஜாதி இல்லை அவள். ரப்பர் உடுப்புக்குள் அவளைத் திணிக்க நானும் பல் டாக்டரும் மல்லுக்கட்டினோம். பையன் அவளுக்குக் காற்று அடைக்கும் சட்டையையும் மூச்சுவிடும் சிலிண்டரையும் மாட்டிவிட்டு, பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். மூச்சை அடக்கக் கூடாது, அவ்வளவுதான். பயமாக இருந்தால் கையை இப்படி ஆட்டு, மேலே வந்துவிடலாம். படகிலிருந்து அவளைப் பிடித்து இறக்கினான். நான் இறங்கவில்லை. எனக்குத் தண்ணீர் வாளியில் இருந்தால் போதும்.

ஏறி வந்தவளைப் பிடிக்க முடியவில்லை. "டேய், ஆமைடா! உன் கடையில இருக்கிற லாரி டயர் சைஸு! என் மூஞ்சிக்கு நேரா வந்து பாத்துட்டுப் போகுது! நானேதான்டா போனேன். மேலயும் போகாம கீழயும் போகாம நடுவுல நிக்கணுமாம், அதான் கஷ்டமாம். நான் நின்னேன்ல! இவன் சும்மா கூட வந்தான்."

"அம்மாவுக்குக் கை வந்துடுச்சு மாமா" என்றான் பையன் சிரிக்காமல்.

அடுத்து பல் டாக்டரின் முறை. இன்னொரு தடவை ஆமையைப் பார்க்க வேண்டும் என்று அக்கா நீச்சல் கண்ணாடியையும் மூச்சுக் குழலையும் மாட்டிக்கொண்டு, படகின் கயிற்றைப் பிடித்தபடி தண்ணீரில் முகத்தைக் கவிழ்த்து மிதந்தாள். அங்கே தண்ணீர் அவ்வளவு தெளிவு, தரைவரை தெரியும். வெகுநேரம் கழித்து ஏறி வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தாள். அக்கா பேசாமல் இருந்தால் எனக்குப் பயம்.

"என்னக்கா, வாந்தி வருதா?"

"அந்த டாக்டருக்கு ஒரு எழவும் வரலடா. கல்லு மாதிரி போறாரு, பலூன் மாதிரி வர்றாரு. இவன் அவருக்குப் பின்னாடி மேல இருந்துக்கிட்டு, அவர் சட்டையோட காத்துக் குழாயைப் பிடிச்சு, காத்தைக் கொஞ்சம் ஏத்துறான், கொஞ்சம் இறக்குறான். அந்த மனுஷனுக்குத் தெரியவே இல்ல. ராஜா மாதிரி போயிட்டு இருக்காரு."

"அப்போ உன்னையும்..."

"என்னையும்தான்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பின் சீட்டுல உட்கார்ந்து கணக்கு போட்டுட்டு இருக்கான்னு நினைச்சேன். இந்தக் கழுதை என் காலைப் பாத்துட்டு இருந்திருக்கு." "என்னைவிட நல்லா பண்றான்டா. இவன் யாரையும் திட்டல."

அன்று சாயங்காலம் பையன் உடுப்புகளை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். திங்கட்கிழமை விஷயத்தை வழியிலேயே அவன் காதில் போட்டுவிட்டேன், என் வாயில் எது நின்றிருக்கிறது?

"அம்மா ஏன் மாமா இன்னும் ஒண்ணுமே கேக்கல?"

"கேட்டா என்ன சொல்லுவ?"

அலசுவதை நிறுத்தினான். "காலையில எழுந்ததும் வேலைக்குப் போகணும்னு ஆசையா இருக்கு மாமா இங்க. பேங்க்ல ஒரு நாள்கூட அப்படி இருந்ததில்ல. ஆனா அம்மா தனியா உட்கார்ந்து சாப்பிடுறாங்கன்னு நினைச்சா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. ஒரே ஒரு தடவை வாடான்னு சொல்லட்டும், கிளம்பிடுவேன்."

நேராக அக்காவிடம் ஓடி ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தேன். குதிப்பாள் என்று நினைத்தேன். புடவையை மடித்துப் பைக்குள் வைத்தாள். மறுபடி எடுத்து, மறுபடி மடித்தாள்.

மறுநாள் கப்பல் துறைக்கு எங்களுக்கு முன்னாலேயே பையன் வந்துவிட்டான். தலை வாரி, முழுக்கைச் சட்டை போட்டு, தோளில் அவனுடைய பை.

"நானும் வரேன்மா" என்றான்.

"எங்க?"

"வீட்டுக்கு."

"எதுக்கு? யாருக்காவது லோன் குடுக்கணுமா?"

"விளையாடாதம்மா. நீ அங்க தனியா..."

"தனியா என்ன தனியா? இந்தத் தடியன் இல்ல? வேளாவேளைக்கு வந்து கொட்டிக்கிட்டுதான போறான்." என்னைக் காட்டினாள். "நாளைக்கு ஸ்கூல் டீச்சருங்க வராங்கன்னு சொன்னியே. தண்ணின்னாலே பயப்படுறவங்களாம். அவங்களை நட்டாத்துல விட்டுட்டு வந்து நிப்பியா? போய் வேலையைப் பாருடா."

பையன் அவள் முகத்தையே பார்த்தான். அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. பையைத் தோளிலிருந்து மெதுவாகக் கீழே இறக்கினான். நாங்கள் ஏறினோம்.

கப்பல் நகர்ந்தது. அவன் கையாட்டினான், இவளும் ஆட்டினாள், சிரித்த முகமாக. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் அக்காவைப் பற்றி நான் அதுவரை அடித்த கிண்டலுக்கெல்லாம் அவள் காலில் விழலாம் போல இருந்தது. "பெரிய மனசுக்கா உனக்கு" என்றேன்.

ஓங்கி என் முதுகில் ஒன்று வைத்தாள். "பெரிய மனசாம், மண்ணாங்கட்டி! இன்னொரு தடவை வரேன்னு சொல்லியிருந்தா கூட்டிட்டு வந்திருப்பேன்டா! ஏன்டா சொல்லல அவன்? போன்னா உடனே பையை இறக்கிடறதா?"

கம்பியைப் பிடித்துக்கொண்டு, கப்பல் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். துறையில் அவன் இன்னும் கையை இறக்கவில்லை. என்னிடம் கைக்குட்டை இல்லை. சட்டை நுனியைக் கொடுத்தேன். மூக்கைச் சிந்திக்கொண்டாள்.