கசந்துபோன சர்க்கரை

நாகர்கோவிலில் ஒரு மிஷன் கல்லூரியின் வேதியியல் கூடத்தில் சத்தியநேசன் டெமான்ஸ்டிரேட்டராக இருந்தார். காலையெல்லாம் மாணவர்களுக்குச் செய்முறை காட்டும் வேலை. மதியத்துக்கு மேல் பேராசிரியர் ஞானதாசன் ஒப்படைத்த ஆராய்ச்சி. 1934இல் தொடங்கிய அது மூன்றாம் வருடமும் முடியவில்லை.

சர்க்கரைப் பாகைச் சுண்டக் காய்ச்சி இழுத்தால் கண்ணாடி போல ஓர் இழை கிடைக்கும். அதற்குள் மூலக்கூறுகள் தாறுமாறாக, ஏறக்குறைய அசைவற்றுக் கிடக்கின்றன. அவற்றை அசையவிடாமல் வைத்திருப்பது எது? மூலக்கூறு பெரிது, அதனால் நகரவில்லை என்றார் ஞானதாசன். சத்தியநேசனுக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும் என்று ஒரு சஞ்சிகையில் படித்திருந்தார். சர்க்கரையில் அப்படிப் பற்றக்கூடிய ஹைட்ரஜன் முனைகள் எட்டு.

முதல் இரண்டு வருடமும் மழையோடு போயின. காற்றின் ஈரம் இழைக்குள் புகுந்து, அந்த முனைகளைத் தானே பற்றிக்கொண்டு, இழையை இளக்கிவிட்டது.

மூன்றாம் வருடம் அவர் எட்டு முனைகளையும் அசெட்டிக் அமிலத்தின் துண்டுகளால் அடைத்தார். மூலக்கூறின் எடை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ஆனால் இனி அதனால் பக்கத்திலிருப்பதைப் பிடிக்க முடியாது. பேராசிரியர் சொன்னது சரியென்றால் இதன் இழை இன்னும் உறுதியாக நிற்க வேண்டும். கை கழுவ மறந்து வாயைத் துடைத்தபோதுதான் அப்படிக் கிடைத்த பொடியின் கசப்பு தெரிந்தது.

"சோறு எறங்கலியா?" என்று அன்று இரவு கேட்டாள் மனைவி ராஜபாய்.

"எதப் போட்டாலும் கய்க்குது."

"சீனியில அப்பிடி என்னதான் செய்யுதிய? மூணு வருசமா ஒரு நாள் வெளிச்சத்தோட வீடு வந்ததில்ல."

அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார்.

ஏப்ரல் வெயிலில், ஈரம் உறிஞ்சும் உப்பு வைத்த மூடிய ஜாடிக்குள் சர்க்கரை இழையையும், அந்தப் பொடியை உருக்கி இழுத்த இழையையும் சிறு எடை கட்டித் தொங்கவிட்டார். சர்க்கரை இழை அப்படியே நின்றது. கனமான மூலக்கூறின் இழை இரண்டு மணி நேரத்தில் ஓர் அங்குலம் நீண்டது.

ஞானதாசன் நம்பவில்லை. "தண்ணி ஏறியிருக்கும்வே. திரும்பச் செய்யும்."

கோடை விடுமுறையில் எல்லோரும் ஊருக்குப் போனார்கள். சத்தியநேசன் மட்டும் ஆளில்லாத கூடத்தில் ஏழு முறை திரும்பச் செய்தார். ஏழு முறையும் கனமானதே நீண்டது.

ஜூனில் பேராசிரியர் அளவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் நெனச்சது தப்புவே. பிடிப்புதான் நிறுத்தி வச்சிருக்கு, பெரிசா இருக்கது இல்ல."

சத்தியநேசன் இந்தச் சொல்லுக்காக மூன்று வருடம் காத்திருந்தவர். கேட்டபோது, உட்கார ஒரு நாற்காலி கிடைத்தால் போதும் என்றிருந்தது. நான்கு நாள் லீவு கேட்டார். கிடைத்தது. நான்கு நாளும் தூங்கினார்.

"எல்லாம் முடிஞ்சாச்சா?" என்று கேட்டாள் ராஜபாய்.

"இது முடிஞ்சுது. இனி எவ்வளவு தண்ணிக்கு எவ்வளவு இளகும்னு பாக்கணுமாம்."

"வேற ஆளு இல்லியா?"

"கையி பழகின ஆளு நான்தானே," என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினார்.